ஒரு ஃப்ளாப்பியில் அடங்கிய பட்டறை

வீட்டுக் கணினிகள் பரவத் தொடங்கிய காலத்து விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது அவற்றின் கட்டம் கட்டமான படங்களும் இரக்கமற்ற கடினமும்தான் பெரும்பாலும் பேச்சில் வருகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு குடும்பத்தை நான் எப்போதும் தனியாக நிறுத்திப் பார்ப்பதுண்டு. விளையாட ஒன்றைக் கொடுத்ததோடு நில்லாமல், அதைப் போன்ற இன்னொன்றை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று கருவியையும் சேர்த்துக் கொடுத்தவை அவை. நான் நிரல் எழுதிப் பிழைப்பவன்; பிறர் பயன்படுத்துவதற்கான கருவிகளைச் செய்வதுதான் என் வேலையின் பெரும்பகுதி. ஆகவே, இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பழைய ஆப்பிள் டூ கணினியின் நிரல்களை உலாவியிலேயே இயக்கிப் பார்க்க முடிகிற இன்றைய வசதியில், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கருவிகளுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு மாணவனின் மனநிலையில்தான் நுழைகிறேன். பயனருக்கு எதையெல்லாம் விட்டுக்கொடுப்பது, எதையெல்லாம் கருவியே கையில் வைத்துக்கொள்வது என்ற கோட்டை எங்கே போடுவது என்பதே இந்த வேலையில் ஆகக் கடினமான கேள்வி. அந்தக் கோட்டை மிகச் சரியாகப் போட்டவர்கள் என்று நான் கருதும் இருவர் பில் பட்ஜும் டக் ஸ்மித்தும்.

பில் பட்ஜ் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஒரு ஆப்பிள் டூ வாங்கினார்; அதன்பின் படிப்பு அவரைப் பிடித்து வைக்கவில்லை. தொடக்கத்தில் அவர் எழுதிய ‘பென்னி ஆர்கேட்’ என்ற சிறு விளையாட்டை ஆப்பிள் நிறுவனத்துக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு பிரிண்டரைப் பெற்றுக்கொண்டார். விளையாட்டின் கதையையோ விதிகளையோ யோசிப்பதில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை; திரையில் வடிவங்களை வேகமாக வரையும் நிரல்களை எழுதுவதில்தான் அவருடைய மனம் இருந்தது. பின்னால் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள இந்தச் சாய்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பிளில் அவர் பணியாற்றிய நாள்களில் உடன் வேலை செய்தவர்களிடையே பின்பால் மோகம் பரவியிருந்தது. சாய்வான மேசையில் உருண்டு வரும் இரும்புக் குண்டை, அடியில் இருக்கும் ஃப்ளிப்பர் என்ற இரு துடுப்புகளால் திருப்பியடித்து, மேலே உள்ள பம்பர்களிலும் இலக்குகளிலும் மோதவிட்டுப் புள்ளி சேர்க்கும் அந்த விளையாட்டை, அமெரிக்காவின் மதுக்கூடங்களிலும் ஆர்கேடுகளிலும் காசு போட்டு ஆடினார்கள். அதைக் கணினித் திரைக்குக் கொண்டுவரும் வகையில் பட்ஜ் எழுதிய ‘ராஸ்டர் பிளாஸ்டர்’ 1981இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அது ஒரே ஒரு மேசை. அடுத்த மேசையைத் தானே வடிவமைப்பதற்குப் பதிலாக, மேசைகளை வடிவமைக்கும் கருவியை எழுதிவிடலாம் என்ற எண்ணம், விளையாட்டை வடிவமைப்பதில் விருப்பமில்லாத ஒரு நிரலாளருக்கு வருவது இயல்புதான். அந்தக் கருவியின் முகத்தோற்றம் வேறு ஓரிடத்திலிருந்து வந்தது. ஆப்பிளுக்குள் அப்போது உருவாகிக்கொண்டிருந்த லிசா கணினியில், சின்னங்களைச் சுட்டி எடுத்து நகர்த்தி வேலை செய்யும் முறையை அவர் பார்த்திருந்தார். லிசா 1983 ஜனவரியில் வெளியானபோது அதன் விலை கிட்டத்தட்ட 10,000 டாலர். சாதாரணக் குடும்பம் எட்டிப்பார்க்க முடியாத அந்த முறையை, 48 கிலோபைட் நினைவகமும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் கொண்ட ஆப்பிள் டூவுக்குள் பட்ஜ் இறக்கிவைத்தார். அதுதான் ‘பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’. முதலில் ‘பட்ஜ்கோ’ என்ற தம் சொந்த நிறுவனத்தின் வழியே விற்றார். 1983இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், தன் முதல் வெளியீடுகளில் ஒன்றாக, இசைத்தட்டு உறைபோல் தட்டையாக இருந்த அட்டையில், படைத்தவர் பெயரோடு அதை வெளியிட்டது.

இன்று அதைத் திறந்தாலும் கையேடு தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு முதலில் வியப்பளித்தது. திரையின் இடப்பக்கம் வெறும் மேசை. வலப்பக்கம் ஃப்ளிப்பர்கள், பம்பர்கள், இலக்குகள், குண்டைச் செலுத்தும் விசைக்கோல் என உதிரிபாகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சிறிய கை திரையில் நகர்கிறது. பாகத்தின் மேல் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினால் பாகம் கையோடு வருகிறது; வேண்டிய இடத்தில் விட்டால் அங்கே உட்காருகிறது. சுவர்கள் எல்லாம் பலகோணங்கள். அம்புக்குறியால் மூலையைப் பிடித்து இழுக்கலாம், சுத்தியலால் புதிய மூலையைச் சேர்க்கலாம், கத்தரிக்கோலால் மூலையை வெட்டி எடுக்கலாம், தூரிகையால் நிறம் ஊற்றலாம். உருப்பெருக்கியை எடுத்தால் புள்ளி புள்ளியாக ஓவியம் வரையலாம். எந்தக் கருவி என்ன செய்யும் என்பதை அதன் படமே சொல்லிவிடுகிறது. மவுஸ் என்ற பொருளையே பெரும்பாலானோர் பார்த்திராத ஆண்டில், எடுத்து நகர்த்தி விடுதல் என்ற செயலைப் பல்லாயிரம் பிள்ளைகள் ஒரு பின்பால் மேசையைச் செய்தபடியே கற்றுக்கொண்டார்கள்.

உலக உருண்டைச் சின்னத்தைத் தொட்டால் திறக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஈர்ப்பு, காலத்தின் வேகம், உதையின் வலு, மோதித் திரும்பும் துள்ளல் ஆகியவற்றை அங்கே கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். ஈர்ப்பை அடிமட்டத்துக்குக் குறைத்து, துள்ளலை மேலே ஏற்றிவிட்டு, அதே மேசையில் குண்டை விட்டுப் பார்த்தால், அது கீழே வர மனமில்லாததுபோல் மேலேயே அலைந்துகொண்டிருக்கும். மேசையில் ஓர் அணுவும் மாறவில்லை. ஆனால் விளையாட்டு முற்றிலும் வேறாகிவிட்டது. விதி என்பது பொருளுக்குள் ஒளிந்திருப்பதில்லை, அதைச் சுற்றி யாரோ நிர்ணயித்து வைத்த எண்களில் இருக்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய வேறொரு நிரலை நான் அறியேன். மின்சுற்றுப் பகுதியும் அப்படித்தான். இலக்குகளைத் தருக்க வாயில்களோடு கம்பியால் இணைத்து, இவை அனைத்தும் அடிபட்டால்தான் இவ்வளவு புள்ளி, இந்த ஒலி என்று அங்கே வகுத்துவிடலாம். ‘நிரலாக்கம்’ என்ற சொல் எங்கும் தலைகாட்டுவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை நிரல்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் எந்த எந்திரத்தில் செய்தார் என்பதை நினைத்துப் பார்த்தால் மதிப்பு இன்னும் உயர்கிறது. ஆப்பிள் டூவின் 6502 செயலி நொடிக்குப் பத்து லட்சத்துச் சொச்சம் துடிப்புகள் மட்டுமே கொண்டது. அதில் பெருக்கலுக்கென்று கட்டளையே கிடையாது. கூட்டியும் பிட்டுகளை நகர்த்தியும்தான் பெருக்கிக்கொள்ள வேண்டும். அசையும் உருவங்களைத் தாமே வரைந்து தரும் வன்பொருளும் அதில் இல்லை. குண்டு நகரும் ஒவ்வொரு தடவையும் செயலியே பழைய இடத்தை அழித்துப் புதிய இடத்தில் வரைய வேண்டும். திரையின் ஒரு வரியில் 280 புள்ளிகள், ஒரு பைட்டுக்கு ஏழு புள்ளிகள் என்ற கணக்கில் 40 பைட்டுகள். அந்த வரிகளும் நினைவகத்தில் அடுத்தடுத்து இருப்பதில்லை. இத்தனை நெருக்கடிக்குள், பயனர் எப்படி வேண்டுமானாலும் இழுத்து வைத்த ஒரு பலகோணத்தின் விளிம்பில் குண்டு மோதிச் சரியான திசையில் தெறிக்கிறது. ராஸ்டர் பிளாஸ்டரில் மேசை எப்படியிருக்கும் என்பது எழுதியவருக்கு முன்கூட்டியே தெரியும்; இங்கே தெரியாது. தெரியாத மேசைக்கு நிரல் எழுதுவது வேறு வகை உழைப்பு.

அந்த உழைப்புக்கு எல்லை வகுத்ததில்தான் பட்ஜின் தெளிவு இருக்கிறது என்று நினைக்கிறேன். குண்டு உருள்வது, மோதுவது, ஃப்ளிப்பர் அடிப்பது ஆகியவை எப்படி நிகழும் என்பதை அவர் யாரிடமும் விடவில்லை. அவை எப்போதும் சரியாகவே நிகழும். எங்கே, எவ்வளவு, எதற்காக என்பனவற்றை முழுவதுமாகக் கொடுத்துவிட்டார். இதனால், முதல் தடவை உட்காரும் ஒருவர் ஒழுங்கற்று அமைத்த மேசைகூட இயங்கும். அழகாக இருக்காது, சுவையாக இருக்காது, குண்டு ஒரு மூலையில் சிக்கிக்கொள்ளவும் கூடும், ஆனால் உடைந்து நிற்காது. நல்ல மேசை எது என்ற தீர்ப்பையும் கருவி சொல்வதில்லை. விளையாடிப் பார்த்து, சலிப்பு தட்டினால் திரும்பிவந்து மாற்ற வேண்டியதுதான். அமைப்பதிலிருந்து ஆடுவதற்கும் ஆடுவதிலிருந்து அமைப்பதற்கும் போய்வர ஒரு கணமே ஆகிறது. இந்தக் குறுகிய தூரத்தை இன்றைய பெரிய விளையாட்டு எஞ்சின்கள் பலவற்றில் நான் காண்பதில்லை; ஒரு சுவரை நகர்த்திவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் எதற்காக நகர்த்தினோம் என்பதே மறந்துபோகிறது.

செய்து முடித்த மேசையைத் தனி விளையாட்டாக ஒரு ஃப்ளாப்பியில் எழுதி நண்பருக்குக் கொடுத்துவிடலாம். அவரிடம் மூல வட்டு இருக்க வேண்டியதில்லை. நகலெடுப்பதைத் தடுப்பதற்கு மென்பொருள் நிறுவனங்கள் ஆன மட்டும் முயன்றுகொண்டிருந்த காலத்தில், பயனர் செய்தது பயனருக்கே உரியது என்று ஒரு வணிகத் தயாரிப்பு ஒப்புக்கொண்டது சிறிய செயல் அல்ல.

அதே 1983இல் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘லோட் ரன்னர்’ வேறு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தது. அதை எழுதிய டக் ஸ்மித் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர். அதன் முன்வடிவம் அங்கிருந்த பெரிய கணினியில், விசைப்பலகை எழுத்துகளையே செங்கல்லாகவும் ஏணியாகவும் ஆளாகவும் வைத்து ஆடப்பட்டது. ஆப்பிள் டூவுக்கு வந்தபிறகும் அந்த எழுத்துக்கட்ட ஒழுங்கு அதைவிட்டுப் போகவில்லை. ஓடுபவர் ஏணியேறி, கயிற்றில் தொங்கிக் கடந்து, தங்கத்தைத் திரட்ட வேண்டும். காவலர்கள் துரத்துவார்கள். அவர்களைச் சுட முடியாது, குதித்துத் தாண்டவும் முடியாது. தமக்கு இடப்புறமோ வலப்புறமோ காலடிச் செங்கல்லைத் தோண்டிக் குழி பறிக்கலாம். சிறிது நேரத்தில் குழி தானாகவே மூடிக்கொள்ளும். தங்கம் முழுவதும் சேர்ந்ததும் மறைந்திருந்த ஏணி தோன்றும். இவ்வளவுதான் விதி. இதைக் கொண்டு 150 நிலைகள், அவற்றோடு நிலைகளை உருவாக்கும் எடிட்டர்.

அந்த எடிட்டரின் உள்ளமைப்பைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதன் அழகு வெளியே தெரிவதில்லை. ஒரு நிலை என்பது அகலத்தில் 28, உயரத்தில் 16 என 448 கட்டங்கள். ஒரு கட்டத்தில் வரக்கூடியவை பத்தே பத்து: வெற்றிடம், தோண்டத்தக்க செங்கல், தோண்ட முடியாத கல், ஏணி, கயிறு, காலை வைத்தால் விழச்செய்யும் பொய்ச்செங்கல், மறைந்திருக்கும் ஏணி, தங்கம், காவலர், ஓடுபவர். இவற்றுக்கு 0 முதல் 9 வரை எண்கள். எடிட்டரில் கட்டத்துக்குக் கட்டம் நகர்ந்து, எந்த எண்ணை அழுத்துகிறோமோ அந்தப் பொருள் அங்கே அமர்கிறது. அதே எண்தான் நினைவகத்திலும் பதிகிறது. ஓர் எண்ணுக்கு நான்கு பிட் போதுமானதால் ஒரு பைட்டில் இரு கட்டங்கள் அடங்குகின்றன. ஆக, ஒரு நிலை முழுவதும் 224 பைட்டுகளில் முடிந்துவிடுகிறது. ஆப்பிள் டூவின் வட்டில் செக்டர் என்ற ஒரு பதிவுத்துண்டு 256 பைட். ஒரு நிலைக்கு ஒரு செக்டர் என்று நேராகப் பொருந்திவிடுகிறது. ஒரு வட்டில் 35 தடங்கள், தடத்துக்கு 16 செக்டர்கள் என மொத்தம் 560 செக்டர்கள் உண்டு. 150 நிலைகளும் அதில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான இடத்தில் அடங்கிவிட்டன. எந்தச் சுருக்கக் கணக்கும் தேவைப்படவில்லை. வட்டிலிருந்து படித்ததும் நிலை தயார்.

இடப்பற்றாக்குறை ஒரு படைப்பின் மொழியையே செதுக்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தூய சான்று எனக்குத் தெரியாது. பத்துச் சொற்கள், 448 இடங்கள். மேடுபள்ளமில்லை, சாய்தளமில்லை, ஒரு செங்கல்லுக்கும் அடுத்த செங்கல்லுக்கும் வேறுபாடில்லை. ஆனால் இரண்டு செங்கல் ஆழத்தில் புதைந்திருக்கும் தங்கத்தை எடுக்க வேண்டுமானால் மேல்வரிசையில் இரண்டு செங்கல் அகலத்துக்கு முதலில் தோண்டிவிட்டு உள்ளே இறங்க வேண்டும், ஏனெனில் நின்ற இடத்துக்கு நேர்கீழே தோண்ட முடியாது. மூன்று செங்கல் ஆழமென்றால் மூன்று செங்கல் அகலம். விதிப்புத்தகத்தில் எங்கும் எழுதப்படாத இந்தக் கணக்கு, பொருள்களை அடுக்கிப் பார்க்கும்போது தானாக முளைக்கிறது. காவலரின் தலைமீது ஏறி நடந்து மறுபக்கம் போகலாம் என்பதும், அவரை ஏமாற்றித் தங்கத்தைச் சுமந்துவரச் செய்யலாம் என்பதும் அப்படித்தான். எடிட்டரில் உட்காருபவர் இவற்றைக் கண்டுபிடிப்பவராகிறார். விற்பனைக்குப் போன நிலைகளை உருவாக்கும்போது ஸ்மித் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் எடிட்டரைக் கொடுத்து அமைக்கச் செய்தார். வாங்கியவர்கள் தாங்கள் அமைத்தவற்றைப் பிராடர்பண்டுக்கு அனுப்பினார்கள்; அவற்றிலிருந்து எடுத்த 50 கடினமான நிலைகளைக் கொண்டு ‘சாம்பியன்ஷிப் லோட் ரன்னர்’ உருவானது. முழுவதையும் முடித்தவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. அந்த நிலைகளை ஆடிப் பார்த்தால், விதிகளின் மறைவான மூலைகளை ரசிகர்கள் எவ்வளவு ஆழமாகக் கற்றிருந்தார்கள் என்பது தெரியும்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் காட்சி வேறாக இருந்தது. அங்கே ஸ்பெக்ட்ரம் போன்ற மலிவான கணினிகளும் கேசட்டுகளும்தான் ஆட்சி செய்தன. கிரேம் யாண்டில் எழுதி, கில்சாஃப்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘த குயில்’, எழுத்தாலேயே ஆடும் சாகசக் கதைகளை நிரல் தெரியாதவர்களும் உருவாக்க வழிசெய்தது. இடங்கள், பொருள்கள், செய்திகள், சொற்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டியல்கள். பின்னர் ‘இந்த இடத்தில் இருந்து, இந்தப் பொருளும் கையில் இருந்தால், இதைச் செய்’ என்ற வடிவில் நிபந்தனைகள். அதைக் கொண்டு எழுதப்பட்ட பல கதைகள் கடைகளில் விலைக்கு விற்கப்பட்டன. வீட்டு மேசையிலிருந்து நேராகக் கடை அலமாரிக்குப் போக அது பாலமானது. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு, ஆனால் பின்பால் மேசையின் மேல் உள்ள காதல் இல்லை. குயிலில் எழுதும்போது நாம் ஒரு பதிவேட்டை நிரப்புகிறோம். நிரப்பிய பிறகுதான் ஆட்டம்.

1987இல் சென்சிபிள் சாஃப்ட்வேர் குழு காமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்குச் செய்த ‘ஷூட் எம் அப் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்’ கோட்டைத் தவறான இடத்தில் போட்ட நல்ல கருவி என்பது என் கணிப்பு. எதிரி விமானம் எப்படிப் பறக்க வேண்டும் என்பதை ஜாய்ஸ்டிக்கால் நாமே ஓட்டிக்காட்டினால் அது பதிந்துகொள்ளும்; இது மிக அருமையான யோசனை. படங்களை வரையலாம், ஒலிகளை மாற்றலாம், முடித்ததைத் தனி விளையாட்டாகவும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பதிந்த வழியில் பறப்பதைத் தவிர எதிரிக்கு வேறெதுவும் தெரியாது. ஆடுபவரின் செயலுக்கேற்ப எதையும் மாற்றுவதற்கு வழியில்லை. தோற்றத்தை முழுவதும் கொடுத்து, நடத்தையைப் பூட்டி வைத்ததால், அதில் பிறந்தவை உடையால் வேறுபட்டாலும் ஆடத் தொடங்கிய சிறிது நேரத்தில் உடன்பிறப்புகளாகத் தெரிந்துவிடுகின்றன. ஸ்டூவர்ட் ஸ்மித்தின் ‘அட்வென்ச்சர் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’ எதிர்ப்பக்கம் சாய்ந்தது. நீங்கள் பாதியில் விட்ட உலகத்தைக் கருவியே நிரப்பி முடித்துவிடும் வசதி அதில் உண்டு. தானே நிரப்பிய உலகம் சுவையாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் தொடங்கியதை முடிக்க முடியாமல் விடுவதே வழக்கமான படைப்பாளர்களுக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, முடிந்த ஒன்றைக் கையில் கொடுத்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது.

கருவி செய்தவர்களே கருவியால் மாறிய கதையும் உண்டு. வில் ரைட் காமடோர் 64க்கு எழுதி 1984இல் வெளியான ‘ரெய்டு ஆன் பங்கலிங் பே’ ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளைக் குண்டுவீசி அழிக்கும் விளையாட்டு. அந்தத் தீவுகளையும் சாலைகளையும் ஆலைகளையும் வரைவதற்காக அவர் எழுதிக்கொண்ட எடிட்டரோ அழிப்பதைவிட அவருக்கு இன்பம் தந்தது. விளையாட்டு முடிந்த பிறகும் அதை விடவில்லை. 1989இல் அது ‘சிம்சிட்டி’யாக வெளிவந்தது. வரைபடம் வரையும் கருவிக்கு உயிர்கொடுத்து, வரைந்த நகரம் தானே வளரவும் நலியவும் செய்தால் என்னவாகும் என்ற கேள்விக்கு அது விடை.

பட்ஜிடம் திரும்புவோம். இவ்வளவு வெற்றிக்குப் பிறகு அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அவர் ஆப்பிள் டூவின் மவுஸுடன் வந்த ‘மவுஸ்பெயின்ட்’ என்ற ஓவிய நிரலை எழுதினார். அதற்கப்பால், பின்பால் மட்டுமல்லாமல் எந்த வகை விளையாட்டுக்குமான கருவியையும் உருவாக்கித் தரும் ஒரு கருவியை, அதாவது ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’டுகளைச் செய்வதற்கான ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’டைச் செய்துவிட முயன்றார். அது கைகூடவில்லை, கைவிட்டார்.

கருவி எழுதும் எவருக்கும் இந்த ஆசை ஒருநாள் வரும், எனக்கும் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் பயனரிடமே விட்டுவிட்டால் அது மேலும் தாராளமான கருவியாகும் என்று அப்போது தோன்றும். ஆனால் குண்டு எப்படித் தெறிக்கும் என்பதையும் பயனரே சொல்ல வேண்டும் என்றாகிவிட்டால், ஒழுங்கற்று அமைத்த மேசையும் இயங்கும் என்ற உறுதி போய்விடுகிறது; அமைப்பதற்கும் ஆடுவதற்கும் இடையிலிருந்த அந்த ஒரு கணம் நீண்டு, கடைசியில் மிஞ்சுவது ஒரு நிரலாக்க மொழிதான். அது ஆப்பிள் டூவை இயக்கியதுமே திரையில் பேசிக் என்ற மொழியாக வந்து நிற்கத்தான் செய்தது. அதன் முன்னால் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோனவர்களுக்காகத்தான் பின்பால் மேசையே தேவைப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1993இல், சேகா ஜெனிசிஸ் என்ற விளையாட்டு எந்திரத்துக்காக பட்ஜ் மீண்டும் ஒரு மேசை கட்டும் விளையாட்டை எழுதினார். ‘வெர்ச்சுவல் பின்பால்’ என்று பெயர். அதிலும் குண்டு உருளும் விதத்தை அவரே வைத்துக்கொண்டார்.